அவள் பேர் எழுதிய டப்பா

எனக்கு அறுபத்தேழு வயதாகிறது. பிள்ளை பெறுவதற்குக்கூட நான் ஆஸ்பத்திரிப் படி ஏறியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால், "என்னப் பாரு, மாத்திரை இன்னா கலர்ல இருக்கும்னு கூட எனக்குத் தெரியாது" என்பேன். இப்போது எனக்கு எல்லாக் கலரும் தெரியும்.

திருத்தணியில் எங்கள் தெரு முழுக்க பவர்லூம். எங்கள் வீட்டில் இரண்டு தறி. லுங்கி ஓட்டுகிறோம். என் வீட்டுக்காரர் ஒருநாள் நூல் மூட்டை மேல் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நானும் என் மகளும்தான் தறியைப் பார்த்துக்கொண்டோம். எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவள் எனக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பிறந்தவள். பெயர் வைக்கிற அன்று அவள் காதில் மூன்று முறை சொல்ல நான்தான் குனிந்தேன், அத்தைமார் யாரையும் விடவில்லை. அவ்வளவு பிடிவாதம் எனக்கு.

தறி ஓடுகிற வீட்டில் பஞ்சுத் தூசி காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். சோற்றில் விழும், புருவத்தில் ஒட்டும், நெஞ்சுக்குள் போகும். கல்யாணப் பந்தியில் வரிசையாக நாலு பேர் இருமினால், "தறிக்காரங்க வந்துட்டாங்க, இலையப் போடு" என்று கேலி செய்வார்கள். அதனால் என் மகள் இருமத் தொடங்கியபோது நான் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே இருமுவாள். நானும் பக்கத்தில் இருமுவேன். இரண்டு பேருக்கும் நடுவில் தறி சத்தம் போடும்.

அந்தச் சமயத்தில் அவளுக்குச் சம்பந்தம் முடிவாகியிருந்தது. வேறு யார், என் அண்ணன் மகன்தான். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், தெலுங்கு பேசுகிற ஊர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அண்ணன் இல்லை, அண்ணிதான் வீட்டுக்குப் பெரியவள். சின்ன வயதிலிருந்தே என் மகள் அவனை அத்தான் முறைக்கு பாவா பாவா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். தை மாதத்தில் மலைமேல் முருகன் கோயிலில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம்.

கார்த்திகை கடைசியில் அந்த நர்சம்மா எங்கள் தெருவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பிரிவில் வேலை. சின்னப் பெண், ஸ்கூட்டர் முன்னால் ஒரு பெட்டி. வீடு வீடாகப் போய் யாருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

அவளைத் தெரு முனையிலேயே பார்த்துவிட்டு நான் கதவைச் சாத்தப் போனேன். காரணம் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் எங்கள் எதிர்வரிசையில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அந்த வீட்டு வாசலில் இந்த ஸ்கூட்டர் ஒரு மாதம் தினமும் நின்றது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கூட்டர் நின்றதே போதுமானதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெண் மாத்திரை சாப்பிட்டு நன்றாகித் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கல்யாணம்தான் இன்னும் ஆகவில்லை.

கதவைச் சாத்துவதற்குள் என் மகள் இருமிவிட்டாள்.

"உள்ள யாரு இருமுறது, ஆயா?"

"ஆயான்னு யாரக் கூப்பிடுற? உன்னவிட நல்லா படி ஏறுவேன் நானு."

"சரிங்கம்மா. இருமுறது யாருங்கம்மா?" என்று சிரித்தாள். அதற்குள் என் மகளே வெளியே வந்து நின்றாள்.

"மூணு வாரம் இருக்கும்க்கா. சாயங்காலமானா ஒடம்பு கதகதன்னு கீது" என்றாள். மறைக்கத் தெரியாத பெண்.

நர்சம்மா மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்தாள். இரண்டிலும் என் மகள் பெயரை எழுதி ஒட்டினாள். "ஒண்ணு இப்ப குடு. இன்னொண்ணு காலைல எழுந்ததும், பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி. வெறும் எச்சி வேணாம். நெஞ்சுக்குள்ளருந்து காறி எடுக்கணும்."

"இப்ப ஒண்ணும் வராது. ரெண்டையும் காலைல தரோம்" என்றேன். "வண்டிய டீக்கடையாண்டயே நிறுத்திட்டு நடந்து வா. பெட்டிய எடுத்துகினு வராத."

அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். இப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்துப் பழகிய பார்வைதான். "சரிங்கம்மா" என்று போனாள்.

மறுநாள் காலையில் பின்பக்கம் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று என் மகள் இருமி இருமித் துப்பினாள். நான் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். சளிக்கு நடுவே சிவப்பாக ஒரு கோடு ஓடியது. தறியில் வெள்ளைப் பாவு நூலுக்கு நடுவே தவறி விழுந்த ஒற்றை இழை மாதிரி. தறிக்காரி கண்ணுக்கு அது தப்பாது.

அது காசநோய்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை. எதிர்வீட்டுக்குத் திரும்பி வந்த தட்டு என் கண்முன் நின்றது. கல்யாணம் முடியட்டும், பிறகு சத்தமில்லாமல் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடலாம், எதிர்வீட்டுப் பெண்தான் பிழைத்துக் கிடக்கிறாளே, நாலு மாதம் தள்ளினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்துக் கழுவினேன். பிறகு நான் காறினேன். எனக்கும் நாற்பது வருஷத்துப் பஞ்சு நெஞ்சில் இருக்கிறதே, கட்டியாக வந்தது. இரண்டு டப்பாவிலும் துப்பி மூடினேன்.

"இன்னாம்மா பண்ற? அது எம் பேரு எழுதின டப்பா."

"உன் பேரு இன்னா, நான் வெச்ச பேருதான்."

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "துப்பறதுல கூட உனக்குத்தான் மொத மரியாதை" என்றாள். அவள் சிரிக்காமல் ஒரு சண்டை போட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நிறுத்தியிருக்க மாட்டேன்.

நர்சம்மா டீக்கடையிலிருந்து நடந்து வந்து டப்பாக்களை வாங்கினாள். அசைத்துப் பார்த்து, "நல்லா எடுத்துருக்கியே, எல்லாரும் எச்சியத்தான் துப்பித் தராங்க" என்று என் மகளைப் பாராட்டினாள். என் மகள் தரையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் ரிசல்ட் சீட்டோடு வந்தாள். கிருமி இல்லை என்றாள். சீட்டில் எல்லாம் இங்கிலீஷ். நான் மூன்றாங்கிளாஸ், தமிழில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். "கீழ தமிழ்ல எழுதிக் குடு" என்று கேட்டேன். அவள் பேனா எடுத்து என் மகள் பெயரை எழுதி, சளியில் கிருமி இல்லை என்று எழுதினாள். நான் கூட்டிப் படித்தேன். என் உடம்புக்குக் கிடைத்த சான்று மாதிரி எனக்கு ஒரு கர்வம் கூட வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஆனா இருமல் நிக்கலல்ல. சளியில இல்லன்னாலும் படத்துல தெரியும். புதன்கெழம வந்து ஒரு எக்ஸ்ரே எடுத்துக்குங்க" என்றாள்.

"ஆங்" என்றேன்.

புதன்கிழமை போகவில்லை. அவள் இரண்டு முறை போன் செய்தாள். பத்திரிகை வைக்கப் போயிருக்கிறோம் என்றேன் ஒரு முறை. பொண்ணு பட்டு எடுக்க மெட்ராஸ் போயிருக்கிறாள் என்றேன் இன்னொரு முறை. அவள் பிரிவில் அவள் ஒருத்தி, ஊர் இவ்வளவு பெரியது. அப்புறம் அவளும் விட்டுவிட்டாள்.

தை மாதத்தில் கல்யாணம். மேலே போகப் பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. ஆனால் பெண்ணைப் படி ஏற்றிக் கூட்டி வருவதாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். சின்னதில் அந்தப் படிகளை மூச்சு வாங்காமல் ஓடி ஏறி, மேலே நின்று எனக்குக் கை காட்டுவாள். அன்றைக்குப் பாதிப் படியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புதுப் புடவை, தலை நிறைய பூ, உதடு வெளுத்திருந்தது.

அண்ணி பின்னால் வந்துகொண்டிருந்தாள். "இன்னா மருமவளே, பாதி மலைக்கே குந்திட்ட? எங்க வூட்ல மாடிப்படி கீது, தெரியுமா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கூட, "கீழ கட்டில் போட்டுக்கலாம், வுடும்மா" என்றான். இன்னும் சிரித்தார்கள்.

"நாலு நாளா தூக்கம் இல்ல, அண்ணி" என்று நான் சொன்னேன். என் மகள் எழுந்து மிச்சப் படியை ஏறினாள்.

அவளை அனுப்பும்போது சீர்ப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் அந்தச் சீட்டை ஒரு மஞ்சள் கவரில் போட்டு வைத்தேன். "அத்தை இருமலப் பத்தி எதாச்சும் கேட்டா இத்தக் காட்டு" என்றேன்.

"நீ துப்பனத காட்டி நான் நல்லாயிடணுமா?"

"வாய மூடு. நாலு மாசம் பல்லக் கடிச்சிகினு இரு. ஆடிக்கு இட்டுகினு வந்துடுவேன். அப்ப பாத்துக்கலாம்."

எங்கள் பக்கத்தில் புதுப்பெண்ணை முதல் ஆடிக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம். ஒரு மாதம் வைத்திருந்தாலும் ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. நாலு மாசம் என்று அவளிடம் சொன்னேன். தையிலிருந்து ஆடிக்கு ஆறு மாதம்.

மாசியில் போன் செய்தால் பேசுவாள். பங்குனியில் பேச்சுக்கு நடுவே இருமல் வந்து போனை யாரிடமாவது கொடுத்துவிடுவாள். சித்திரையில் அண்ணி பேசினாள்.

"உம் பொண்ணு சோறே துன்ன மாட்டேங்குறா. வளையல் எல்லாம் முழங்கைக்கு ஏறுது. டாக்டராண்ட இட்டுகினு போனேன். முன்னாடி டெஸ்ட் எதனா எடுத்தீங்களான்னாரு. அந்த மஞ்சக் கவரக் காட்டுனோம். அப்ப டிபி இல்ல, அலர்ஜிதான்னு மருந்து எழுதிக் கீறாரு. இன்னாம்மா, உங்கூட்ல இருந்தப்பவும் இப்டித்தானா?"

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் என் மகள் இன்றைக்கு இருப்பாள். திறந்தால், பொய் சொல்லிப் பெண்ணைக் கட்டிவைத்தவள் என்று ஆகும். என் பிறந்த வீட்டிலேயே ஆகும். "தறித் தூசி, அண்ணி. எனக்கும் கீது பாரு. சரியாப் போயிடும்" என்றேன். போனை வைத்துவிட்டு நாள்காட்டியில் ஆடி எங்கே இருக்கிறது என்று தாளைத் தூக்கிப் பார்த்தேன்.

ஆடி முதல் நாள் தட்டுகளோடு போய் அவளைக் கூட்டி வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். தோளில் பாரமே இல்லை. பையில் இருந்த துணிகள் அவளைவிடக் கனத்தன.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். காசநோய்ப் பிரிவு பின்பக்கம் இருக்கிறது. வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு. சளி துப்ப எல்லோரும் அதைத் தாண்டி மதிலோரம் திறந்த வெளிக்குப் போவார்கள். என் வாழ்நாளில் முதல் முறையாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நர்சம்மாவுக்கு என் மகளை அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். எடை மேடையில் ஏற்றினாள். முப்பத்திமூன்று கிலோ என்று எழுதினாள். படம் எடுத்தார்கள். இரண்டு பக்க நுரையீரலும் போயிருந்தது.

டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "முன்னாடி இவங்களப் பாத்தீங்களா?" என்று நர்சம்மாவைக் கேட்டார்.

அவள் பழைய ரிஜிஸ்டரைக் கொண்டு வந்தாள். "பாத்தோம் சார். ரெண்டு சளியும் நெகட்டிவ். எக்ஸ்ரேக்கு வரச் சொன்னேன், வரல. நான் வூட்டுக்கே போயி இட்டுகினு வந்துருக்கணும் சார். எம் மேலதான் தப்பு." அவள் கண் நிறைந்துவிட்டது.

என் மகள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு நர்சம்மாவிடம், மூச்சு விட்டு மூச்சு விட்டு, "அப்ப இல்லக்கா. அப்புறம்தான் வந்துருக்கும். நீ இன்னா பண்ணுவ" என்றாள்.

என்னைக் காப்பாற்றினாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

மாத்திரை தொடங்கினார்கள். எடைக்குத் தகுந்த மாதிரி எண்ணிக்கை. முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதீங்க என்று சொல்லியிருந்தார்கள். "கனகாம்பரக் கலர்ல போவுதும்மா, பறிச்சித் தொடுக்கறியா?" என்று கேட்டாள். அவ்வளவு பலவீனத்திலும் அவளுக்கு வாய் மட்டும் இளைக்கவில்லை. நர்சம்மா தினமும் வந்தாள். பழக்கத்தில் வண்டியை டீக்கடையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். நான் தெருவில் இறங்கி நின்று, "வாசல்லயே நிறுத்து. பெட்டியோட வா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எதிர்வீட்டுப் பெண் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அன்று மாலை அவள்தான் முட்டை வேகவைத்துக் கொண்டு வந்து என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் இப்டித்தான் இருந்துச்சு. ரெண்டு மாசத்துல பசி எடுக்கும் பாரு" என்றாள்.

இரண்டு மாதம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆடிக் கிருத்திகை அன்று காலை வாயிலிருந்து ரத்தமாக வந்தது. ஆம்புலன்ஸில் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். ஊர் முழுக்கக் காவடி. வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் போனது. சனங்கள் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார்கள். பூக்காவடி ஒன்று ஜன்னலை உரசிக்கொண்டு போனபோது அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் மூடியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை ஒதுக்கிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"பாவாவ டெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா. அவரும் இருமுறாரு." பிறகு உதட்டில் ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. "இந்த வாட்டி நீ துப்பாத."

பதினோரு நாள் இருந்தாள்.

காரியத்துக்கு வந்த என் வீட்டுக்காரர் பக்கத்து உறவுப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். டாக்டர் சீட்டோடு நோய் இல்லாமல் போன பெண், ஆறு மாதத்தில் எலும்பாக வந்தாள் என்றார்கள். அங்கே பட்டினி போட்டிருக்கிறார்கள், அந்த வீட்டில்தான் நோய் இருக்கிறது, அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்றார்கள். அண்ணி வாசல் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நர்சம்மா என் மருமகனுக்குப் போன் மேல் போன் போட்டாள். கூட இருந்தவர்கள் எல்லோரும் பரிசோதனை செய்ய வேண்டும், நோய் இல்லாதவர்களுக்கும் வராமல் தடுக்க மாத்திரை உண்டு என்றாள். அவன் ஒருமுறை எடுத்து, "அவ வரும்போது இல்லன்னு பேப்பர் கீது. இப்ப நான் வந்து டெஸ்ட் எடுத்தா, எங்க வூட்லதான் வந்துச்சுன்னு எழுதிக்குவீங்க. அதானே? எங்கம்மா பட்ட பேச்சு போதும்" என்று வைத்துவிட்டான். பிறகு எடுக்கவே இல்லை. இதை நர்சம்மா என்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி என்னிடம் சொன்னாள். "அவரு பேசும்போதே இருமுறாரும்மா" என்றாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பாமல் அந்தச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். அவள் மாத்திரை அட்டைகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். போய் முன்னால் நின்று சொன்னேன்.

அவள் அட்டையைக் கீழே வைத்தாள். "ரெண்டு டப்பாவுமா?"

"ரெண்டும்."

மேசை மேலிருந்த ரிஜிஸ்டரை இழுத்துத் திறந்தாள். அவள் தேடாமலே என் மகள் பெயர் இருந்த பக்கம் வந்தது. "தெனம் இந்தப் பக்கத்தத் தொறந்து பாக்கறேன். நான் இன்னா தப்பு பண்ணன், எங்க வுட்டேன்னு" என்றாள். "எங்கூட்டுக்காரு கிட்ட சொல்லி அழுதுருக்கேன் ஆயா."

ஆயா என்று கூப்பிடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் ஒரு புது டப்பா எடுத்தாள். என் பெயரைக் கேட்டாள். எழுதி ஒட்டி என் கையில் கொடுத்து, "இப்ப உங்க பேர்ல துப்புங்க" என்றாள். துப்பினேன். படமும் எடுத்தார்கள். எனக்குக் கிருமி இல்லை, படத்திலும் ஒன்றும் இல்லை. வராமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அந்த இல்லை என்ற சொல்லை இந்த முறை நான் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.

"நீ வந்து அவங்களாண்ட சொல்றியா?" என்று அவளைக் கேட்டேன்.

"நான் வந்து சொன்னா நம்புவாங்களா? நீங்க போங்க. என்கிட்ட சொல்லிட்டா அவருக்கு இருமல் நின்னுடுமா?"

மறுநாள் பஸ் ஏறினேன். அண்ணி கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. நின்றபடியே முதலிலிருந்து சொன்னேன். தண்ணீர் டிரம்மிலிருந்து, அந்தச் சிவப்பு இழையிலிருந்து. அவள் கை கீரையைக் கிள்ளிக்கொண்டே இருந்து ஓர் இடத்தில் நின்றது. எழுந்து உள்ளே போய் மஞ்சள் கவரோடு வந்தாள்.

"அப்ப இது?"

"அது என் சளி, அண்ணி."

அண்ணிக்குத் தெலுங்குதான் படிக்க வரும். சீட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். "இதுல இன்னா எழுதிக் கீது, படி."

"அண்ணி."

"படி. இத்த வெச்சிகினுதான் நான் டாக்டராண்ட போனேன். இத்த வெச்சிகினுதான் அவ இருமும்போது, ஒண்ணும் இல்லடி, சொம்மா இருன்னு சொன்னேன். படி."

எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். முதலில் என் மகள் பெயர். பிறகு சளியில். பிறகு கிருமி. பிறகு இல்லை. அந்த வீட்டுக் கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தேன்.

"உன் சனம் என்ன இன்னா இன்னா சொன்னாங்க. பட்டினி போட்டேன்னாங்க. நீ அங்கதான் குந்திகினு இருந்த."

"ஆங். இருந்தேன்."

அவள் சாபம் விடுவாள், விடட்டும் என்றுதான் போயிருந்தேன். அவள் விடவில்லை. சீட்டை என் கையிலிருந்து வாங்கி மறுபடி கவருக்குள் வைத்தாள். "வெளில குந்து. அவன் சாப்பாட்டுக்கு வருவான். அவனாண்டயும் உன் வாயாலயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

வாசல் படியில் உட்கார்ந்தேன். அவன் வந்தான். சொன்னேன். அவன் செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டான். "அவளுக்குத் தெரியுமா, அத்த?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். அவன் கால் கழுவப் பின்பக்கம் போனான். அங்கிருந்து இருமல் சத்தம் வந்தது. பிறகு வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

புதன்கிழமை தாயும் மகனும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் முன்னதாகவே போய்ப் பெஞ்சில் இருந்தேன். அண்ணி என் பக்கத்தில் உட்காரவில்லை, மரத்தடியில் நின்றாள். வேறு மாநிலமாச்சே என்று அவன் கேட்டதற்கு, "கிருமிக்கு எல்ல தெரியுமா? எந்த ஊரா இருந்தா இன்னா, குடுங்க" என்று நர்சம்மா சொன்னாள். டப்பாவில் அவன் பெயரை எழுதினாள். அவன் மதிலோரம் போனான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இருமினான். மறுபடி இருமினான். மூடி திருகுகிற சத்தம் கேட்டது.

என் முன்னால் வந்து நின்றான். மூக்கையும் வாயையும் மூடியிருந்த மாஸ்க் ஒரு காதிலிருந்து நழுவித் தொங்கியது. அதைச் சரி செய்ய ஒரு கை போதவில்லை. "இத்தக் கொஞ்சம் புடி அத்த" என்று டப்பாவை நீட்டினான்.

நான் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"நீயே எடுத்துகினு போய் குடு, நைனா" என்றேன்.